எட்டு பன்னிரண்டுக்கு ஒரு சிரிப்பு

காலை எட்டு மணிக்கு முன்னால் வேலை விஷயமாக யாருக்கும் செய்தி அனுப்பக் கூடாது என்பதுதான் எங்கள் குழுவில் நான் போட்ட முதல் விதி. பல் தேய்க்கும்போதே மேலதிகாரியின் குரல் காதில் விழுந்தால் அந்த நாள் விளங்காது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்குக் காலை என்று ஒன்று மிச்சம் இருக்க வேண்டும். இதற்காக மேலிடத்தில் மல்லுக்கு நின்றேன். அந்த விதி இன்றைக்கும் அங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம்.

ஐயா, நீங்கள் இரண்டு பக்கம் எழுதினால் போதும் என்றீர்கள். வக்கீல் ஒரு வரிகூட எழுத வேண்டாம் என்றார். எனக்குச் சுருக்கமாக எழுத வராது, எழுதாமல் இருக்கவும் வராது. பதினோரு வருடமாக மற்றவர்களைப் பேசவைப்பதுதான் என் பிழைப்பு. ஊழியர் நலனும் ஈடுபாடும் என்று என் பதவிக்குப் பெயர். தினமும் எல்லாருக்கும் முதல் வணக்கம் சொல்கிறவள் என்பதால் பசங்க எனக்கு வைத்த பெயர் 'காலை வணக்கம்'. முதுகுக்குப் பின்னால் வைத்ததுதான், ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் நிறுவனம் வீட்டுச் சாமான்களுக்குக் கையேடு தயாரிக்கிறது. துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, யாரும் படிக்காமல் தூக்கிப் போடுவது, அதுதான். நாங்கள் முப்பத்து மூன்று பேர், முப்பத்து மூன்று வீடுகளில். எழுதுகிறவர்கள் பலர். படம் வரைகிறவர் ஒருவர்தான். எந்தத் திருகாணியை எந்த ஓட்டையில் போட்டு எந்தப் பக்கம் முறுக்க வேண்டும் என்று அவர் வரைந்தால் எழுத்து தேவைப்படாது. அதனால் அவருக்குப் பெயர் 'திருகாணி'. வயது ஐம்பத்தொன்பது. மனைவி போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள், கட்டிக்கொடுத்து, பஸ்ஸில் ஆறு மணி நேரம் தள்ளி இருக்கிறாள். அவர் என்னைத் 'தங்கச்சி' என்பார். அந்த உறவை வைத்து மகள் என்னை 'அத்தை' என்பாள். அவளை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை.

இப்போது முகம் பற்றிச் சொல்ல வேண்டும். அது புரியாமல் மற்றது புரியாது.

தினமும் எட்டிலிருந்து பத்து மணிக்குள் ஒவ்வொருவரும் கணினியைத் திறந்து ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட வேண்டும். அழுமூஞ்சிக்கு ஒரு மதிப்பெண், வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிற முகத்துக்கு ஐந்து. விருப்பமிருந்தால் கீழே ஒரு வரி எழுதலாம். முகத்தைத் தொட்டதும் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். அப்புறம் அரை மணிக்கு ஒருமுறை கணினியின் கேமரா நாற்காலியை ஒரு படம் எடுக்கும். அந்தப் படங்களைப் பார்க்கிற அனுமதி எனக்கு மட்டும்தான். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று குறிப்பேன். அதற்குமேல் நோண்ட மாட்டேன். சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றிக்கூட இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை.

இதில் நானே யோசித்துச் சேர்த்தது ஒன்று உண்டு. தொடர்ந்து இரண்டு நாள் ஒருவர் முகம் தொடவில்லை என்றால், இந்த முகம் தொடுகிற கருவி தானாகவே அவர் வீட்டாருக்கும், குடியிருக்கும் கட்டடத்தின் காவலாளிக்கும் அழைப்பு அனுப்பும். தனியாக இருப்பவர்களை நினைத்துத்தான் அதைச் செய்தேன். அக்கறை விதி என்று பெயர் வைத்தேன். அதற்காக எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது, நீங்கள் சோதனைக்கு வந்தபோது பார்த்திருப்பீர்கள்.

அந்தக் காலாண்டின் ஆரம்பத்தில் மேலிடத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. குழுவில் எல்லாரும் தினமும் முகம் தொட வேண்டும். சராசரி நான்கரைக்குக் கீழே போகக் கூடாது. போனால் அந்தக் குழு மறுபடி அலுவலகத்துக்கே வந்து உட்கார வேண்டும். அலுவலகம் இருக்கிற ஊரில் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. ஒருத்திக்குக் கைக்குழந்தை. ஒருவருக்குப் படுத்த படுக்கையாக அம்மா. வர முடியாதவர்கள் ராஜினாமா செய்யலாம் என்று அந்த அறிவிப்பின் கடைசி வரியில் இருந்தது. இப்படிப்பட்ட வரிகளை எப்போதும் கடைசியில்தான் வைப்பார்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து திருகாணி அண்ணன் அழுமூஞ்சியைத் தொட ஆரம்பித்தார். தினமும். கீழே ஒரு வரியும் எழுதுவார். 'நேற்று யாரிடமும் பேசவில்லை.' 'இன்றைக்கும் பேசவில்லை.' ஒரு நாள், 'குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, அதை ரிப்பேர் பண்ண மனசில்லை, சத்தத்துக்கு ஆகும்' என்று எழுதியிருந்தார். எனக்கு மனது கஷ்டமாகத்தான் இருந்தது. உடனே போனில் பிடித்தேன்.

"என்ன அண்ணே, இப்படி எழுதறீங்க?"

"நீதானே தங்கச்சி மனசுல இருக்கறத எழுதச் சொன்ன?"

"அது சரி. அதுக்காக தினமுமா?"

"தினமும்தான் கேக்கறியே."

அவர் பேச்சு அப்படித்தான் இருக்கும். சிரித்துவிட்டு வைத்தேன். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மற்ற முப்பத்திரண்டு பேரின் சராசரி நான்கு புள்ளி ஆறு. இவருடைய ஒற்றை அழுமூஞ்சி சேர்ந்தால் நான்கரைக்கு மயிரிழை கீழே போகிறது. ஒருவருடைய மனக்கஷ்டத்துக்கு அவ்வளவு எடை இருக்கும் என்று நான் அதற்கு முன் நினைத்ததில்லை.

இணையம் வேலை செய்யாதபோது யாராவது போனில் சொன்னால், அவர்கள் சார்பில் நான் முகம் தொடலாம். அதற்கு எனக்கு அனுமதி இருந்தது. ஐந்தாவது வாரம் அந்த அனுமதியைப் பயன்படுத்தி அவருடைய அழுமூஞ்சியைச் சிரித்த முகமாக மாற்றினேன். முதல் நாள் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் செய்தேன். மூன்றாம் நாள் டீ குடித்துக்கொண்டே செய்தேன். அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார்.

"தங்கச்சி, நான் அழற மூஞ்சிய அமுக்கறேன். அது சிரிக்குதே?"

"சிஸ்டம் கோளாறா இருக்கும் அண்ணே, பாக்கச் சொல்றேன்."

"நீயே போட்டுக்கோம்மா. என் மூஞ்சி எப்படி இருக்கணும்னு உனக்குத்தான் தெரியும்" என்றார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் நான் யோசித்திருப்பேனோ என்னவோ. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் முகம் தொடுவதை விட்டுவிட்டார். நான் தினமும் நினைவு வைத்துச் செய்ய முடியாது என்பதால், காலை எட்டு பன்னிரண்டுக்குத் தானாகவே சிரித்த முகம் விழும்படி ஏற்பாடு செய்தேன். சில நாள் ஐந்து, சில நாள் நான்கு. எல்லா நாளும் ஐந்து என்றால் யாருக்காவது மூக்கில் வேர்க்கும். ஏழு வாரம் நூல் பிடித்த மாதிரி நடந்தது. எங்கள் குழுவின் சராசரி ஏறியது. கைக்குழந்தைக்காரி என்னைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்க இல்லன்னா நாங்க இல்ல" என்று அழுதாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் செய்ததில் நல்லதே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இனி அந்த வாரம். காலாண்டின் கடைசி வாரம். வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

திங்கட்கிழமை பிற்பகல் நான்கு பத்துப் படத்தில் அவர் நாற்காலியில் இருக்கிறார். நான்கு நாற்பதில் இல்லை. அதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை, முப்பத்து மூன்று பேரின் படங்கள், தலைக்கு மேல் வேலை. செவ்வாய்க்கிழமை காலை எட்டு பன்னிரண்டுக்கு வழக்கம்போல அவர் பெயரில் சிரித்த முகம் விழுந்தது. பத்தே முக்காலுக்குப் படங்களைப் புரட்டினேன். காலையிலிருந்து ஐந்து படத்திலும் நாற்காலி காலி. நாற்காலிக்குப் பின்னால் குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. வாசற்படியில் ஒரு பாதம்.

அவருக்கு முதுகு வலி உண்டு. சில சமயம் தரையில் படுத்துக்கொள்வார். அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினோரு மணிக்கு அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. பதினொன்று ஐந்துக்கு ஒரு தடவை, பதினொன்று எட்டுக்கு ஒரு தடவை. போனை எப்போதும் கணினிக்குப் பக்கத்தில் மேசைமேல்தான் வைப்பார் என்று எனக்குத் தெரியும். பதினொன்று பத்துப் படத்தில் பாதம் முன்பைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி, விரல்கள் வேறு பக்கம் பார்த்தபடி இருந்தது.

ஆக, உயிர் இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரியும். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் 'ஆள் இருக்கிறார்' என்று குறித்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஏன் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை என்று நீங்கள் மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். கூப்பிட்டால் முதல் கேள்வி என்ன வரும்? தரையில் கிடக்கிற மனுஷன் காலை எட்டு பன்னிரண்டுக்கு எப்படிச் சிரித்தான் என்று கேட்பார்கள். அந்த ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் ஏழு வாரமும் அவிழ்ந்து கையில் வந்துவிடும். குழு போகும். முப்பத்திரண்டு பேரின் பிழைப்பு போகும். ஒரு பக்கம் அவர்கள், இன்னொரு பக்கம் இவர் என்று தராசில் வைத்துப் பார்த்ததாக உங்களிடம் முதல் நாள் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். அந்த முப்பத்திரண்டு பேர் என் நினைவுக்கு வந்தது புதன்கிழமைதான். செவ்வாய்க்கிழமை நான் என்னைப் பற்றி மட்டும்தான் நினைத்தேன்.

செவ்வாய் மதியம் மகள் கூப்பிட்டாள்.

"அத்தை, அப்பா நேத்து சாயந்திரத்துலேர்ந்து போன் எடுக்கல. ஆபீஸ்ல இருக்காரா?"

இருக்காரா என்றால் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று அர்த்தம். எங்கள் வீடுகளில் எல்லாரும் அப்படித்தான் கேட்கப் பழகிவிட்டார்கள்.

"இருக்காரும்மா. காலையிலயே சிரிச்ச மூஞ்சி போட்டுட்டாரு."

"அப்படியா? சிரிச்ச மூஞ்சியா?" அவள் குரல் தெளிந்தது. "கொஞ்ச நாளாவே நல்லா இருக்காருன்னு நீங்க சொன்னீங்கல்ல. போன்ல பேசும்போது அப்படித் தெரியல. என்கிட்ட மட்டும்தான் புலம்பறாரு போல."

"பொண்ணுகிட்ட புலம்பாம வேற யார்கிட்ட புலம்புவாங்க?" என்றேன். இருவரும் சிரித்தோம்.

புதன்கிழமை காலை மறுபடி கூப்பிட்டாள். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. காய்ச்சலாம்.

"அத்தை, மனசு கேக்கல. பக்கத்து வீட்டுக்காரங்க நம்பர் கூட என்கிட்ட இல்ல. நான் கிளம்பி வந்துடட்டுமா?"

அப்போது என் திரையில் ஒன்பது நாற்பதுப் படம் திறந்திருந்தது. அவர் குளியலறையை விட்டு வெளியே வந்திருந்தார். குப்புறப் படுத்தபடி, வலது கையை நீட்டிக்கொண்டு. இடது கை கால் அவருக்கு விழுந்துவிட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. இழுத்து வந்த துண்டு ஒன்று காலில் சுற்றியிருந்தது.

"காய்ச்சக்காரப் பிள்ளைய வச்சுக்கிட்டு எங்கம்மா அலைவ?" என்றேன். "போன் ரிப்பேருக்குக் குடுத்திருக்காராம். நேத்து எனக்கு மெசேஜ் போட்டாரு. சனிக்கிழமை வந்துடுமாம்."

"அட, அதை என்கிட்ட சொல்லக் கூடாதா இந்த மனுஷன்? சரி அத்தை, நீங்க சொன்னா சரி. நீங்க இருக்கறதாலதான் நான் நிம்மதியா இருக்கேன்."

போன் ரிப்பேர் என்பது சுத்தப் பொய். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் தானாக வந்தது. ஆனால் சனிக்கிழமை என்று சொன்னது யோசித்துத்தான். வெள்ளிக்கிழமை காலாண்டு முடிந்துவிடும். சனிக்கிழமை அவர் பெயருக்கான ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, நானே பதறிப்போய்க் கூப்பிடுவதாகத் திட்டம். அதுவரை தாங்குவார் என்று நினைத்தேன். நல்ல உடம்பு அவருக்கு.

புதன்கிழமை முழுக்க வேறு வேலை ஓடவில்லை. அரை மணிக்கு ஒரு படம். ஒவ்வொரு படத்திலும் அவர் ஒரு சாண் முன்னால் வந்திருப்பார். மேசையைப் பார்த்து வருகிறார் என்று புரிந்தது. கணினியும் போனும் அங்கேதானே இருக்கின்றன. எனக்குத் தோன்றியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். 'வாங்க அண்ணே, இன்னும் கொஞ்சம்தான்' என்று திரையைப் பார்த்துச் சொன்னேன், வாய்விட்டே. அவரே வந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டுவிட்டால் யாரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். அன்றைக்கு என்னைப்போல் அவருக்காக வேண்டிக்கொண்டவர்கள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். என் கணவர் எட்டிப் பார்த்து, "யாரோட பேசற?" என்றார். "ஒருத்தருக்குத் தைரியம் சொல்றேன்" என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் எல்லாருடைய கணினியிலும் ஒரு குரல் வரும். 'கொஞ்சம் எழுந்து நடங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்' என்று. என் குரல்தான், பதிவு செய்து வைத்தது. அதை நிறுத்தியிருக்கலாமே என்று உங்கள் உதவியாளர் கேட்டார். நிறுத்தினால் முப்பத்து மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் நிறுத்த முடியும். ஒருவருக்கு மட்டும் நிறுத்துகிற வசதி அதில் கிடையாது.

வியாழக்கிழமை காலை அவர் நாற்காலியின் காலைப் பிடித்திருந்தார். பதினொன்று நாற்பதில் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இரண்டு பத்தில் அது கீழே விழுந்து கிடக்க, மேசை விளிம்பில் நான்கு விரல்கள் மட்டும் தெரிந்தன. கேமராவுக்கு மிக அருகில், பெரிதாக. இரண்டு நாற்பதிலும் இருந்தன. அப்போது எனக்கு ஒரு பயம் வந்தது. வெளியிலிருந்து அவருடைய கணினியைப் பூட்டுகிற அனுமதியும் எனக்கு உண்டு. கையில் கிடைத்த எழுத்தையெல்லாம் அவர் தட்டிவிட்டால், அது குழுவில் எல்லார் திரையிலும் போய் விழும். பூட்டினேன். அதற்கான பதிவு இரண்டு நாற்பத்திரண்டுக்கு இருக்கும். நீங்கள் இன்னும் அதைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். எப்படியும் பார்ப்பீர்கள்.

மூன்று பத்துப் படத்தில் விரல்கள் இல்லை. மூன்று நாற்பதில் இல்லை. அதற்கப்புறம் எதிலும் இல்லை.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் புதன் இரவுக்கும் வியாழன் காலைக்கும் நடுவில் என்று போட்டிருக்கிறார்கள். அது தவறு. மருத்துவரைக் குறை சொல்லவில்லை, அவர் உடம்பைப் பார்த்துத்தானே கணக்குப் போட முடியும்.

வெள்ளிக்கிழமை மாலை நான் நினைக்காத ஒன்று நடந்தது. காலாண்டு முடிந்ததும் கருவியே ஒவ்வொரு குழுவிலும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அறிவிக்கும். ஏழு வாரம் தடங்கலில்லாமல் சிரித்தவர் எங்கள் குழுவில் ஒருவர்தான். அவர் பெயர் திரையில் வந்ததும் எல்லாரும் கைதட்டல் படம் அனுப்பினார்கள். 'கலக்கிட்டீங்க திருகாணி அண்ணே' என்று கைக்குழந்தைக்காரி எழுதினாள். பதில் வராவிட்டால் நன்றாக இருக்காது. 'நன்றி நண்பர்களே, எல்லாம் உங்கள் அன்பு' என்று அவர் பெயரில் நான் எழுதினேன். எங்கள் குழு தப்பித்தது. மேலிடத்தில் எங்கள் முறையை எல்லாக் கிளைகளிலும் கொண்டுவரப் போவதாகச் சொன்னார்கள். இது வெளியே வந்த பிறகு அதை நிறுத்தியிருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. சார்பில் முகம் தொடுகிற அனுமதியை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதைப் போன வாரம் எல்லா ஊரிலும் தொடங்கிவிட்டார்களாம்.

சனிக்கிழமை நான் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன். ஏற்பாட்டையும் நிறுத்தவில்லை. கையே போகவில்லை. அதனால் ஞாயிறு விடுமுறை கழிந்து திங்கட்கிழமை எட்டு பன்னிரண்டுக்கும் அவர் சிரித்தார். அன்றைக்கு மத்தியானம் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். காவலாளி பூட்டை உடைத்தபோதுகூட என்னைத்தான் போனில் கூப்பிட்டாள். "அத்தை, பச்சை எரியுதா?" என்றாள். எரிகிறது என்றேன்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அவரைக் காப்பாற்றியிருக்கலாம், செவ்வாயும் முடியும், புதனும் முடியும், வியாழன் மத்தியானம்கூட முடிந்திருக்கலாம். தெரிந்தே செய்யவில்லை. மகளை வரவிடாமல் தடுத்ததும் நான்தான், கணினியைப் பூட்டியதும் நான்தான். என்ன தண்டனை கொடுத்தாலும் சரி.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று நாள் கேட்பாரில்லாமல் கிடந்து தன்னந்தனியாகச் செத்தார் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். மகள் அதைப் படித்தால் மனசு உடைந்துபோவாள். கடைசிவரை நான் கண்ணெடுக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் தனியாக இல்லை என்று அவளிடம் யாராவது சொல்லுங்கள்.